சில்டர்ன் குன்றுகளில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு மேற்கே குடிவந்து புதிதாக ரோடு பைக் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒருவருக்குப் போனில் சொன்னதையே அடுத்த வாரம் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இது தார் சாலையில் ஓட்டுபவர்களுக்கானது. மண்பாதையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி மட்டும் உண்டு, அதுவும் அதைத் தவிர்ப்பதற்காக.

சில்டர்ன்ஸ்னு எல்லாரும் சொல்றாங்க. அது சரியா எங்க இருக்கு? மலையா, சும்மா மேடா?

குன்றுகள் என்று சொல்லலாம். தேம்ஸ் கரையில் இருக்கும் கோரிங் என்ற ஊரில் தொடங்கி வடகிழக்கே ஹிட்சின் பக்கம் வரை நீளும் வெண்சுண்ணப் பாறைத் தொடர் இது. ஆக்ஸ்ஃபர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர், ஹார்ட்ஃபர்ட்ஷயர், பெட்ஃபர்ட்ஷயர் நான்கையும் தொட்டுக்கொண்டு போகிறது. 1965இல் அரசு இதை இயற்கை எழில் மிக்க பகுதியாக அறிவித்துப் பாதுகாப்புக் கொடுத்தது. மிக உயரமான இடம் வெண்டோவர் அருகிலுள்ள ஹாடிங்டன் ஹில், 267 மீட்டர்.

மேலே பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரக்காடு, சரிவில் புல்வெளி, அடியில் கோதுமை வயலும் சிற்றூர்களும். லண்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது பெரிய கொடுப்பினை.

வெறும் 267 மீட்டருக்கா இவ்வளவு மூச்சு வாங்குது?

உச்சியின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். இங்கே ஒரே நீளமான ஏற்றம் என்று எதுவும் கிடையாது. நூறு மீட்டர் ஏறுவீர்கள், அதை அப்படியே இறங்கித் தொலைப்பீர்கள், அடுத்த பள்ளத்தாக்கைத் தாண்ட மறுபடி நூறு ஏறுவீர்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் மொத்த ஏற்றம் 600 மீட்டரைத் தொடுவது சாதாரணம்.

இன்னொன்று, இந்த ஊர்ச் சாலைகள் குதிரை வண்டிக் காலத்தவை. கொண்டை ஊசி வளைவெல்லாம் போட்டுச் சரிவைக் குறைக்காமல் நேராக மேலே ஏறிவிடும். எனவே ஏற்றம் ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் நடுவில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்று செங்குத்தாகும். ஒரு வேகத்தைப் பிடித்துக்கொண்டு போக முடியாததுதான் களைப்புக்குக் காரணம். முதல் மேட்டில் வீரம் காட்டாதீர்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள்.

எந்தப் பக்கத்துல இருந்து ஏறினா கஷ்டம் கம்மி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். சுண்ணப்பாறை அடுக்கு இங்கே தென்கிழக்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. அதன் உடைந்த விளிம்பு வடமேற்கைப் பார்த்து நிற்கிறது. வாட்லிங்டன், சின்னர், பிரின்சஸ் ரிஸ்பரோ, வெண்டோவர் எல்லாம் அந்த விளிம்பின் அடியில் இருக்கும் ஊர்கள். அங்கிருந்து ஏறினால் சுவரில் ஏறுவதுபோல் இருக்கும். தென்கிழக்கில், தேம்ஸ் பக்கமிருந்து ஏறினால் அதே உயரத்தைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நிதானமாக எட்டலாம்.

தென்கிழக்குச் சரிவில் நீண்ட பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் ஆறு இல்லை, ஏனென்றால் சுண்ணப்பாறை தண்ணீரைக் குடித்துவிடும். பனியுகத்தில் நிலம் உறைந்து கிடந்தபோது உள்ளே இறங்க முடியாமல் மேலே ஓடிய பனிநீர் வெட்டிய பள்ளங்கள் இவை. ஆறு இல்லாத அடித்தளத்தில் சாலை சுகமாக ஓடுகிறது. பள்ளத்தாக்கின் அடியிலேயே போகும்வரை ஏறுவதே தெரியாது. பக்கவாட்டில் திரும்பி முகட்டுக்கு ஏறும்போதுதான் கால் கடுக்கும். எந்தச் சாலை அடியில் ஓடுகிறது, எது குறுக்கே வெட்டுகிறது என்று பார்த்துவிட்டால் பாதி திட்டம் முடிந்தது.

முதல் தடவை போறேன். நல்லதா ஒரு ரூட் சொல்லுங்க.

ஹென்லியிலிருந்து தொடங்குங்கள். தேம்ஸ் ஓரமாக ஏ4155 சாலையில் கிழக்கே நாலைந்து கிலோமீட்டர் போனால் மில் எண்ட். அந்தச் சாலையில் வண்டிகள் அதிகம், அது மட்டும்தான் குறை. காலை எட்டு மணிக்கு முன்னால் அதைத் தாண்டிவிடுவது நல்லது. மில் எண்டில் இடதுபுறம் திரும்பினால் ஹாம்பிள்டன் பள்ளத்தாக்கு. நான் மேலே சொன்ன பள்ளத்தாக்குகளில் மிக அழகானது இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஹாம்பிள்டன், ஸ்கர்மெட், ஃபின்ஜெஸ்ட், டர்வில் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஃபின்ஜெஸ்ட் தேவாலயக் கோபுரத்தில் இரண்டு முக்கோணக் கூரைகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். நார்மன் காலத்துக் கோபுரம், நின்று பாருங்கள். டர்வில்லுக்கு மேலே குன்றின் உச்சியில் ஒரு காற்றாலை தெரியும்.

டர்வில்லோடு திரும்பி வந்தால் போகவர 25 கிலோமீட்டர், கடுமையான மேடே இல்லை. தெம்பு மிச்சம் இருந்தால் டர்வில் ஹீத், நார்த்எண்ட் வழியாகக் கிறிஸ்மஸ் காமன் வரை ஏறுங்கள். ஹென்லி ஆற்றங்கரையில் 35 மீட்டர் அளவில் தொடங்கியவர் இங்கே சுமார் 240 மீட்டரில் நிற்பீர்கள். அப்புறம் வாட்லிங்டன் ஹில்லில் இறக்கம். இந்தக் குன்றின் புல்சரிவில் வெள்ளையாக ஒரு நீண்ட ஊசிக்கோபுர வடிவம் வெட்டியிருக்கிறது. ஊர்த் தேவாலயத்துக்குக் கூர்கோபுரம் இல்லையே என்று எட்வர்ட் ஹோர்ன் என்ற உள்ளூர்ச் சீமான் 1764இல் வெட்ட வைத்தது. அவர் வீட்டிலிருந்து பார்த்தால் தேவாலயத்தின் மேல் கோபுரம் நிற்பதுபோல் தெரியுமாம். அதை நீங்கள் ரசிக்க வேண்டியது அடியில் போய் நின்றுதான், இறங்கும்போது அல்ல.

வாட்லிங்டனில் கொஞ்சம் ஓய்வு. பின்பு பி480 சாலையில் ஹௌ ஹில் ஏற்றம். இது விளிம்புப் பக்க ஏற்றம் என்பதால் கொஞ்சம் வலிக்கும். மேலே வந்ததும் இடதுபக்கம் பிரியும் பி480ஐ விடாமல் பிடித்தால் பிஷில், ஸ்டோனர், அசெண்டன் வழியாக ஹென்லி வரைக்கும் பள்ளத்தாக்கின் அடியிலேயே இறங்கி வரலாம். மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர்.

பசங்களையும் கூட்டிட்டுப் போகணும். மேடே இல்லாம ஏதாவது இருக்கா?

ஃபீனிக்ஸ் டிரெயில். தேம் ஊருக்கும் பிரின்சஸ் ரிஸ்பரோவுக்கும் நடுவே, மூடப்பட்ட பழைய ரயில் தடத்தில் போட்ட பாதை. ஏழு மைல், சமதளம், கார் கிடையாது. குன்றுகளை அடியிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம்.

லண்டனில இருந்து ட்ரெயினில சைக்கிளை ஏத்திக்கொண்டு போகலாமோ?

போகலாம். சனி, ஞாயிறு என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வார நாட்களில்தான் கட்டுப்பாடு. காலையில் லண்டனுக்குள் வரும் ரயில்களிலும் மாலையில் லண்டனை விட்டுப் போகும் ரயில்களிலும் நெரிசல் நேரத்தில் முழு சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். மடக்கு சைக்கிளுக்குத் தடை இல்லை.

ஹென்லிக்குப் பாடிங்டனிலிருந்து வந்து டுவைஃபர்டில் கிளை ரயிலுக்கு மாற வேண்டும். அது கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். மேரில்போனிலிருந்து கிரேட் மிசெண்டன், வெண்டோவர், பிரின்சஸ் ரிஸ்பரோ மூன்றுக்கும் நேர் ரயில் உண்டு. ஹென்லியில் இறங்கினால் மென்சரிவுப் பக்கம், ரிஸ்பரோவில் இறங்கினால் செங்குத்துப் பக்கம். டிக்கெட் எடுக்கும்போதே இதை யோசியுங்கள்.

என்கிட்ட இருக்கிற சைக்கிள் போதுமா? புதுசா வாங்கணுமா?

பிரேக் பிடித்து, கியர் ஒழுங்காக விழுந்தால் போதும். பார்க்க வேண்டியது மிகச் சிறிய கியர். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று, அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தாலே மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வரும். செங்குத்தான மேட்டில் அதுவே நல்ல வேகம். பின்னால் பெரிய பல்சக்கரம் 25 மட்டுமே இருந்தால் அதே மிதிக்கு மணிக்குப் பத்து கிலோமீட்டர் போக வேண்டிவரும். அந்த வேகத்துக்குக் காலில் பலம் இல்லாவிட்டால் மிதியின் தாளம் குறைந்து, முட்டி நோகும். பின் பல்சக்கரக் கொத்தை மாற்றப் பெரிய செலவு ஆகாது. இலகுவான சைக்கிள் வாங்குவதைவிட அது எவ்வளவோ பயன்.

ஏன் சார் சில்டர்ன்ஸ் போனாலே பஞ்சர் ஆகுது? டயர் புதுசுதான்.

சிக்கிமுக்கிக் கல். சுண்ணப்பாறைக்குள் கட்டிகட்டியாக இது விளைகிறது. பாறை காலப்போக்கில் மழையில் கரைந்துபோகும், கல் கரையாது. அதனால் முகடுகளின் களிமண் முழுக்க இந்தக் கல் சேர்ந்து கிடக்கிறது. ஊரில் வீட்டுச் சுவர், தேவாலயச் சுவர் எல்லாம் இதில்தான் கட்டியிருப்பார்கள். உடைந்தால் இதன் விளிம்பு கண்ணாடிக்குச் சமம். கற்கால மனிதன் கத்தி செய்ததும் இதே கல்லில்தான். பெரிய மழை பெய்தால் வயலிலிருந்தும் கரையிலிருந்தும் சில்லுகள் சாலைக்கு இறங்கிவிடும். ஈர ரப்பரில் கூர்முனை சுலபமாக வழுக்கி உள்ளே போகும் என்பதால் மழை ஓய்ந்த மறுநாள்தான் பஞ்சர் அதிகம்.

சில்லு குத்தியதுமே காற்று இறங்குவதில்லை. முதலில் டயரின் மேல்தோலில் ஒரு சின்ன வெட்டு விழும். அதற்குள் எள்ளளவு சாம்பல் நிறத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றச் சுற்ற அது ஒவ்வொரு தடவையும் மயிரிழை உள்ளே நகர்ந்து, இருபது கிலோமீட்டர் கழித்து ட்யூபைத் தொடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் டயரைத் துடைத்து, காற்றைக் கொஞ்சம் இறக்கி, வெட்டுகளை விரலால் பிதுக்கிப் பாருங்கள். துணுக்கு தெரிந்தால் ஊசி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். வழியில் ட்யூப் மாற்றும்போதும் அப்படியே. டயரின் உள்பக்கத்தை ஒரு பருத்தித் துணியால் சுற்றித் தடவினால் முள்ளோ கல்லோ நூலில் மாட்டும். வெறும் விரலை விட்டு வெட்டிக்கொள்ளாதீர்கள். இதைச் செய்யாமல் புது ட்யூபைப் போட்டால் அதுவும் அரை மணியில் போய்விடும்.

இலையுதிர்காலத்தில் இன்னொரு காரணம் சேரும். வயலோர உயிர்வேலிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டக்கூடாது, பறவைகள் கூடு கட்டும் காலம். தடை முடிந்ததும் டிராக்டர் வைத்து வெட்டுவார்கள். முள் சாலையெங்கும் சிதறும். வேலி வெட்டும் டிராக்டரைப் பார்த்தால் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுவதில் வெட்கமே வேண்டாம். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர், இரண்டு ட்யூப், ஒட்டும் பட்டை, பம்ப் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சந்து மாதிரி ரோடு. எதிர்ல கார் வந்தா என்ன பண்றது? பின்னாடி வந்தா?

எதிரே வந்தால் யாருக்கு ஒதுங்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதோ அவர் நிற்பதுதான் ஊர் வழக்கம். கையைத் தூக்கி நன்றி சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள். பின்னால் வந்தால் பதறி வேலிக்குள் ஒடுங்காதீர்கள். ஒடுங்கினால் இடமில்லாத இடத்திலும் முந்தப் பார்ப்பார்கள். நடுவிலேயே ஓட்டி, ஒதுங்க இடம் வந்ததும் வழி விடுங்கள்.

2022 ஜனவரியில் திருத்திய சாலை விதித் தொகுப்பு, இருவர் அருகருகே ஓட்டலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. பின்னால் வண்டி வந்தால், பாதுகாப்பு என்று தோன்றும்போது ஒற்றை வரிசைக்கு மாறலாம். 30 மைல் வேகம் வரை சைக்கிளை முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும், வேகம் கூடினால் அதற்கும் மேல். ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயம் இல்லை. நான் போடாமல் ஓட்டுவதில்லை, நீங்களும் போடுங்கள்.

குதிரையில் வருபவர்களைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து, தூரத்திலிருந்தே ‘ஹலோ’ என்று குரல் கொடுங்கள். சத்தமில்லாமல் பின்னால் வரும் சைக்கிளுக்குக் குதிரை மிரளும். மனிதக் குரல் கேட்டால் அடங்கிவிடும். இடது பக்கமாக முந்தவே கூடாது.

ஏறுறதைவிட இறங்குறதுதான் பயமா இருக்கு.

அந்தப் பயம் நல்லது. பீச் காட்டுக்குள் இறங்கும் சந்துகள் பல தலைமுறை வண்டித்தடத்தில் தேய்ந்து, இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரையோடு பள்ளமாகக் கிடக்கும். வெயிலில் ஓட்டி வந்து உள்ளே நுழைந்தால் கண் சில நொடி இருட்டிவிடும். அந்த நேரத்தில்தான் குழியும், ஈர இலையும், எதிர்வரும் வண்டியும் தெரியாமல் போகும். காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கைகளை ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியில் வையுங்கள், பிரேக் பிடிக்க அங்குதான் பலம் கிடைக்கும். வளைவுக்கு முன்னால் பிரேக், வளைவுக்குள் கூடாது. பார்வைக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். பகலிலும் முன்விளக்கு, பின்விளக்கு எரியட்டும்.

ஆப் காட்டின வழியில போனேன், தார் ரோடு முடிஞ்சு சேறாப் போச்சு. ஏன்?

ஆப்புக்குப் பொது வழி என்றால் எல்லாம் ஒன்றுதான். இங்கே வழிகள் பல வகை. ‘ஃபுட்பாத்’ நடப்பவர்களுக்கு மட்டும். ‘பிரிடில்வே’ குதிரைக்கும் சைக்கிளுக்கும் உண்டு. சைக்கிளுக்கு அந்த உரிமை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். உரிமை இருப்பதால் ரோடு பைக் ஓடும் என்று பொருள் இல்லை. கிறிஸ்மஸ் காமனிலிருந்து ஸ்டோனர் பக்கம் போகும் ஹாலண்ட்ரிஜ் லேன் நல்ல உதாரணம். தொடக்கத்தில் தார், அப்புறம் கல்லும் சேறும். திட்டமிடும்போது ‘ரோடு’ வகையைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகமான இடத்தை வான்படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை. பீச் மரங்கள் புது இலை விடும், அடியில் காடு முழுக்க நீலமாகப் புளூபெல் பூத்திருக்கும். ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம், அலுவலகம் முடிந்தும் ஒரு சுற்றுப் போகலாம். அக்டோபர் நிறத்துக்கு நல்லது, சாலைக்கு மோசம், காரணம் மேலே பஞ்சர் பதிலிலும் இறக்கப் பதிலிலும் இருக்கிறது. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். நிழல் விழும் சந்துகளில் பனிப்படலம் மதியம் வரை கூட உருகாது, அந்த நாட்களில் பெரிய சாலையே மேல்.

மேலே வட்டம் போடுற பருந்து பெருசா இருக்கே, அது என்ன?

ரெட் கைட். நம் ஊர்க் கரும்பருந்தின் நெருங்கிய உறவு, இதன் வால் நன்றாகப் பிளந்து, செம்பழுப்பாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகள் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். இன்று கிறிஸ்மஸ் காமனில் நின்றால் பார்க்காமல் திரும்ப முடியாது.

காப் ஹில் ஏறணும்னு ஆசை. முடியுமா?

பிரின்சஸ் ரிஸ்பரோவிலிருந்து விளிம்பில் நேராக ஏறும் சாலை. மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு நாலுக்கு ஒன்று, அதாவது நாலு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும். 1910இல் இங்கே மோட்டார் பந்தயம் தொடங்கினார்கள். 1925இல் நடந்த விபத்துக்குப் பிறகு பிரிட்டனில் பொதுச் சாலையில் பந்தயமே நின்றுபோனது. ஹௌ ஹில்லை நிற்காமல் ஏற முடிந்தால் முயன்று பாருங்கள். முன்சக்கரம் தூக்கும் என்பதால் உடம்பை முன்னால் சாய்த்து, இருக்கையின் நுனியில் உட்காருங்கள். நடுவில் இறங்கித் தள்ளினாலும் குறைவில்லை.

யாரோ குடுத்த ரூட் வேண்டாம். மேப் பார்த்து நானே போடணும். எப்படி?

பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். தென் சில்டர்ன்ஸுக்கு 175ஆம் தாள், வடக்கே 165. உயரக்கோடுகள் பத்து மீட்டருக்கு ஒன்று. சாலை கோடுகளுக்கு இணையாக ஓடினால் சமம், கோடுகளை வெட்டினால் ஏற்றம், நெருக்கமாக வெட்டினால் செங்குத்து. சாலையின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் ஏழுக்கு ஒன்று முதல் ஐந்துக்கு ஒன்று வரை சரிவு. இரண்டு அம்பு என்றால் அதற்கும் மேல். அம்பு இறக்கத்தின் பக்கம் காட்டும்.

மஞ்சள் நிறச் சிறு சாலைகளைத் தேர்ந்தெடுங்கள். சுற்றின் முதல் பாதியில் பள்ளத்தாக்கு வழியாக ஏறி, முகட்டிலேயே முடிந்தவரை ஓட்டுங்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் குறுக்கே வெட்டும் வழி வரைபடத்தில் குட்டையாகத் தெரியும், உடம்புக்கு அதுதான் நீளம். காற்று இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். தெம்பு இருக்கும்போது அதை எதிர்த்துப் போய், களைத்தபின் அது தள்ளிக்கொண்டு வரும்படி சுற்றை அமைத்தால் கடைசி மணி நேரம் இனிக்கும். கிளம்பும் நாளில் திசை வேறாக இருந்தால் அதே சுற்றைத் தலைகீழாக ஓட்டுங்கள். ஆனால் மூன்றாவது பதிலை மறக்காதீர்கள். திருப்பி ஓட்டினால் செங்குத்துப் பக்கத்தில் ஏற வேண்டிவருமா என்று பாருங்கள். காற்றா, மேடா என்று வந்தால் நான் காற்றையே எதிர்ப்பேன்.

இதே கணக்கு காட்ஸ்வோல்ட்ஸ், சர்ரே பக்கமும் பொருந்துமா?

பொருந்தும், முகம் எந்தப் பக்கம் என்று மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். காட்ஸ்வோல்ட்ஸில் விளிம்பு மேற்கையும் வடமேற்கையும் பார்க்கிறது. செல்ட்டனம், பிராட்வே பக்கமிருந்து ஏறினால் கடுமை, விண்ட்ரஷ், கோல்ன் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகத் தென்கிழக்கிலிருந்து ஏறினால் மென்மை. அங்கே உயரமும் கூடுதல், கிளீவ் ஹில் 330 மீட்டர். சர்ரேயில் நார்த் டவுன்ஸ் விளிம்பு தெற்கைப் பார்க்கிறது, சஸெக்ஸின் சவுத் டவுன்ஸ் வடக்கைப் பார்க்கிறது.

விதிவிலக்கு சர்ரேயின் பாக்ஸ் ஹில். செங்குத்தான பக்கத்தில் ஏறினாலும் அங்கே சாலையை வளைத்து வளைத்துப் போட்டிருப்பதால் சரிவு சுமார் ஐந்து சதவீதம்தான். 2012 ஒலிம்பிக் ஆண்கள் சாலைப் பந்தயத்தில் அதை ஒன்பது தடவை சுற்றினார்கள். அதற்குத் தெற்கே உள்ள 294 மீட்டர் லீத் ஹில் மணற்பாறை. அதன் செங்குத்து முகமும் தெற்கே, எனவே முதல் தடவை வடக்கே டார்க்கிங் பக்கமிருந்து ஏறுங்கள்.